58 சிசி செயின்சா: சூடானா ரேஸ் தானா ஏறுது, புது கார்பரேட்டர் போட்டும் அதே கோளாறு

கள்ளிக்குடி விறகு (கேள்வி)

வணக்கம்ணே. திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் சீமைக்கருவேலம் வெட்டுற வேலை. மெஷின் கம்பெனிப் பேர் சொல்ற மாதிரி இல்லாத 58 சிசி, 22 இஞ்ச் பார் (செயின் ஓடுற தகடு), வாங்கி ஒரு வருசம் ஆகுது.

காலையில சோக் போட்டு இழுத்தா சுளுவா ஸ்டார்ட் ஆயிடும். கால் மணி நேரம் அறுத்ததும், கையை எடுத்தாக்கூட ரேஸ் இறங்க மாட்டேங்குது. செயின் நிக்காம சுத்துது. ஐடில் ஸ்க்ரூவைக் குறைச்சா பொத்துன்னு ஆஃப். ஓடிக்கிட்டிருக்கும்போது பார் பக்கமா சாய்ச்சாலே சத்தம் மாறுது. ஆஃப் ஆனா ஆறுற வரைக்கும் கயிறு இழுத்துக் கை வலிக்கிறதுதான் மிச்சம். பிளக்கைக் கழட்டிப் பார்த்தா சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா இருக்கு. பெட்ரோலுக்கு லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில்தான் ஊத்துறேன்.

கடையில கார்பரேட்டர் போச்சுன்னாய்ங்க. நானூறு ரூபாய்க்குப் புதுசு மாட்டியாச்சு. முதல்ல நல்லா ஓடுச்சு, வெயில் ஏறினதும் பழைய கதைதான். இப்ப முழு ரேஸ்ல பெட்ரோல் அளவு வைக்கிற எச் ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் திற, சரியாயிடும்கிறாய்ங்க. திறந்தா புகையா வருது, இழுவை இல்லை.

எதை முதல்ல பார்க்கணும், எதை அப்புறம் பார்க்கணும்னு வரிசையாச் சொல்லுங்க. இன்னொண்ணு: முன்னாடி வந்த மெஷின் எல்லாம் வருசக்கணக்கா ஓடும். இப்ப வர்றது பூராம் தகர டப்பாவா இருக்கு. இதுக்கே செலவு பண்ணலாமா, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாமா?

பட்டறை திருமங்கலம்

தம்பி, முதல்ல ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைங்க. மெஷினை அறுக்கப் போடுறதையும் நிறுத்துங்க. சூடானதும் ரேஸ் தானா ஏறுது, சாய்ச்சா சத்தம் மாறுது, பிளக் வெள்ளை. இந்த மூணும் ஒண்ணா இருந்தா கார்பரேட்டர் வழியா வராத காத்து வேற எங்கேயோ உள்ளே போகுதுன்னு அர்த்தம். பெட்ரோல் அளவு அதேதான், காத்து மட்டும் கூடுது, அதனால கலவை மெலிஞ்சு போய் ரேஸ் ஏறுது. நாலு ஸ்ட்ரோக் வண்டியில இப்படி ஓடினா சூடு மட்டும்தான் ஏறும். இதுல ஆயிலும் பெட்ரோலோடதான் உள்ளே போகணும். பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும். சைலன்சரைக் கழட்டி ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. பிஸ்டன்ல அந்தப் பக்கம் நெடுக்குவாக்கில் கோடு விழுந்திருந்தா, கார்பரேட்டர் செலவு பத்தியே பேச வேண்டாம், அடுத்த செலவு பெருசு.

கோடு இல்லைன்னா தைரியமா மேல போகலாம்.

டேங்க் மூடியில் இருந்து ஆரம்பிங்க. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காத்து போக ஒரு சின்ன வால்வு இருக்கும், சில மாடல்ல மூடியிலயே, சிலதுல தனி டியூப் முனையில. கருவேல மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து அதைப் பிசின் மாதிரி அடைச்சிடும். மெஷின் திணறும்போது ஆஃப் பண்ணி, சைலன்சர் பக்கம் படாம மூடியை மெதுவாத் திறங்க. காத்தை உள்ளே இழுக்கிற மாதிரி உஸ்ஸுன்னு சத்தம் வந்து, உடனே ஒழுங்கா ஓடினா வால்வுதான் குத்தவாளி. காத்து வெளியே வந்தா அது டேங்க் சூட்டுல வர்ற ஆவி, அதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண வேண்டாம்.

அடுத்தது பெட்ரோல் டியூப். வளைச்ச கம்பியால ஃபில்டரை வெளியே இழுத்து, டியூப் டேங்குக்குள்ள நுழையுற இடத்துல லேசா இழுத்துப் பாருங்க. வெளியே பார்க்க நல்லா இருக்கும், இழுத்தா முடி மாதிரி விரிசல் வாயைத் திறக்கும். இந்த விலை மெஷின்ல வர்ற டியூப் ஒரு வருசத்துல காஞ்ச சுள்ளியா ஆகுறது சகஜம். உள் விட்டம் ஒத்துப் போகணும், பழைய துண்டைக் கையோட எடுத்துப் போய் வாங்குங்க. டேங்க் ஓட்டையில் இறுக்கமா உட்காரணும், வழுக்கிக்கிட்டு போனா அங்கேயும் கசியும்.

ஆனா உங்க கோளாறுக்கு என் சந்தேகம் முழுக்க கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் குழாய் மேலதான். அதுக்கப்புறம் கிரான்க் ஆயில் சீல், அதாவது கிரான்க் தண்டோட ரெண்டு பக்கமும் காத்து போகாம அடைக்கிற ரப்பர் வளையம். பார் பக்கம் சாய்ச்சா சத்தம் மாறுதுங்கிறீங்க, அப்ப கிளட்ச் பக்க சீலையும் விடக்கூடாது. கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, பிரஷர் வச்சுத்தான் பார்க்கணும். அதுக்குன்னு பெரிய கருவி தேவையில்லை. பழைய பி.பி. பார்க்கிற மெஷின் இருக்குல்ல, கையால அமுக்குற பல்பும் டயலும், அது போதும். டயல்ல 300 வரைக்கும் இருக்கும். 300 மி.மீ. பாதரசம்னா 0.4 பார் (இந்த பார் அழுத்தத்தோட அளவு). கம்பெனி சர்வீஸ் புத்தகத்துல 0.5 பார்ல 20 வினாடி இறங்காம நிக்கணும்னு போட்டிருப்பாங்க. கசிவைக் கண்டுபிடிக்க 0.4 தாராளம்.

கார்பரேட்டரைக் கழட்டிடுங்க. சைலன்சரைக் கழட்டி, சைக்கிள் டியூப்ல ஒரு துண்டு வெட்டி ஓட்டை மேல வச்சு, மேல தகடு வச்சு அதே போல்டால இறுக்குங்க. பிளக் அதோட இடத்துலயே இருக்கட்டும். கார்பரேட்டர் உட்காருற முகத்துல இன்னொரு டியூப் துண்டும் தகடும், அதுல ஓட்டை போட்டு பல்பு ஓஸைச் சொருகுங்க. பிஸ்டனை மேலே ஏத்தி வைங்க, அப்பதான் இன்டேக் வாயும் கிரான்க் அறையும் ஒரே அறையா இருக்கும். மெதுவா 300 வரைக்கும் ஏத்திட்டு, சோப்புத் தண்ணியைப் பிரஷ்ல தடவிக்கிட்டே வாங்க: ரப்பர் குழாயை வளைச்சு வளைச்சு அதோட மடிப்புல, சிலிண்டர் அடி பேக்கிங்ல, மேக்னட் பக்க சீல்ல, கிளட்ச் பக்க சீல்ல, பிளக் அடியில. குமிழி வர்ற இடம்தான் கோளாறு. டயல் முள் இறங்குது ஆனா குமிழி எங்கேயும் இல்லைன்னா உங்க தகடு சரியா உட்காரலை.

பிரஷர்ல நின்னுட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. சீலோட உதடு உள்பக்கம் பார்த்து இருக்கும், பிரஷர் கொடுத்தா அதுவே இறுகிக்கும். உறிஞ்சும்போதுதான் விடும். பிரேக் பிளீட் பண்ற கை வேக்குவம் பம்ப் எந்த கார் மெக்கானிக்கிட்டயும் கிடைக்கும். 0.5 பார் உறிஞ்சி விட்டா, 20 வினாடியில அது 0.3 பாருக்குக் கீழே இறங்கக் கூடாது.

ஓடுற மெஷின்ல கிளீனர் ஸ்பிரே அடிச்சுப் பார்க்கிறவங்க உண்டு. சைலன்சர் கொதிக்கும்போது அந்த வேலை வேண்டாம்.

ஒரு இடைச்செருகல்: சூட்டுல ஆஃப், ஆறினா ஸ்டார்ட்ங்கிறது இக்னிஷன் காயில் கோளாறுக்கும் அதே அடையாளம். ஆஃப் ஆன அடுத்த நிமிஷமே பிளக்கைக் கழட்டி, சிலிண்டர் ஓட்டையில இருந்து தள்ளி வச்சு பொறி பாருங்க. பிளக் ஈரமா இருந்து பொறி இல்லைன்னா காயில். உங்களுக்கு ரேஸ் ஏறுறதும் சேர்ந்து இருக்கிறதால காயில் இரண்டாம் பட்சம்தான். காயிலுக்கும் மேக்னட்டுக்கும் இடைவெளி 0.3 மி.மீ., ஒரு விசிட்டிங் கார்டு கனம்.

ரெண்டு ஸ்ட்ரோக்

மேலே பட்டறை அண்ணன் சொன்ன வரிசைதான் சரி. கார்பரேட்டரை மாற்றியும் கோளாறு போகவில்லை என்பதே, கோளாறு அதற்கு வெளியே இருக்கிறது என்பதற்குப் பாதி சாட்சி. முழுச் சாட்சி ஆகாதது ஏன் என்றால், நானூறு ரூபாய் கார்பரேட்டர் புதிதாக இருப்பதாலேயே சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. கசிவை அடைத்த பிறகு இதையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

இதில் பைக் மாதிரி மிதவையும் கிண்ணமும் கிடையாது. மெஷினைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஓட வேண்டும் என்பதற்காக இரண்டு டயாப்ரம் வைத்திருக்கிறார்கள். ஒன்று பெட்ரோலை இழுக்கும் பம்ப். கிரான்க் அறையில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்த மாற்றம்தான் அதை ஆட்டுகிறது. அந்த அழுத்தம் வரும் இம்பல்ஸ் ஓட்டை சில மாடலில் தனி டியூப், சிலவற்றில் பேக்கிங்கில் இருக்கும் மிளகு அளவு ஓட்டை. கார்பரேட்டர் மாற்றும்போது பேக்கிங்கைத் திருப்பிப் போட்டால் அந்த ஓட்டை பாதி மூடிக்கொள்ளும். ஐடிலில் தெரியாது, முழு ரேஸில் பெட்ரோல் பற்றாமல் மூச்சுத் திணறும். இதை முதலில் சரிபாருங்கள், காசில்லாத வேலை.

இன்னொரு டயாப்ரம் அளவு பார்த்து உள்ளே விடுவது. நான்கு ஸ்க்ரூ உள்ள மூடியைத் திறந்தால் அது தெரியும். கார்பரேட்டர் உடம்பை ஒட்டிப் பேக்கிங், அதன் மேல் டயாப்ரம், அதன் மேல் மூடி. ஒற்றை ஸ்க்ரூ உள்ள பம்ப் பக்கத்தில் இது தலைகீழ்: டயாப்ரம் உடம்பை ஒட்டி, பேக்கிங் அதற்கு மேல். கழற்றும்போதே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டயாப்ரத்தை விரலில் பிடித்தால் துணி போலத் தொங்க வேண்டும். தாள் மாதிரி சலசலத்தால் அது செத்துவிட்டது.

அதன் கீழே ஒரு சின்ன நெம்புகோலும் ஊசியும் இருக்கும். விலை குறைந்த கார்பரேட்டரில் கோளாறு பெரும்பாலும் இங்கேதான். நெம்புகோல் உயரமாக நின்றால் ஊசி சீக்கிரமே திறந்து பெட்ரோல் வெள்ளமாகும், தாழ்ந்து நின்றால் பட்டினி. வால்ப்ரோ கம்பெனியின் டபிள்யூடி வகைக் கார்பரேட்டரில், பேக்கிங் உட்காரும் விளிம்பிலிருந்து நெம்புகோல் முனை 1.65 மி.மீ. கீழே இருக்க வேண்டும். உங்களுடையது அந்த வகையின் நகல் என்றால் இதே அளவை வையுங்கள். ஸாமா என்ற இன்னொரு கம்பெனியின் கார்பரேட்டர்கள் பலவற்றில் அறையின் தரையோடு சமமாக இருந்தால் போதும். வளைக்கும்போது நெம்புகோலை மட்டும் பிடித்து வளையுங்கள், ஊசி மேல் அழுத்தாதீர்கள், அதன் ரப்பர் முனையில் வடு விழுந்துவிடும்.

ஊசி பிடிக்கிறதா என்று பார்க்க, பெட்ரோல் வரும் மூக்கில் காற்று கொடுத்தால் 10 பிஎஸ்ஐ வரை அசையாமல் நிற்க வேண்டும். பி.பி. பல்பு இதற்குப் போதாது, அதன் 300 என்பது ஏறக்குறைய 5.8 பிஎஸ்ஐ தான். டயல் உள்ள சைக்கிள் பம்பை வைத்துச் செய்யுங்கள்.

சுத்தம் செய்யும்போது எல் (குறைந்த ரேஸுக்கானது), எச் ஸ்க்ரூ இரண்டும் எத்தனை சுற்றில் இருந்தன என்று எழுதிவைத்துவிட்டுக் கழற்றுங்கள். கார்பரேட்டர் கிளீனர் அடித்தால் ஒவ்வொரு துளையிலும் பீய்ச்சி வெளியே வர வேண்டும். கம்பி விட்டுக் குடையாதீர்கள். பம்ப் மூடிக்கு அடியில் பொட்டு அளவு வலை ஒன்று இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை, அடைப்பு பாதி அங்கேதான். கம்ப்ரஷர் காற்றை முழு வேகத்தில் அடிப்பதும் கூடாது. முதன்மைத் துளைக்குள் இருக்கும் ஒருவழி வால்வு கெட்டுவிட்டால் ஐடிலில் அந்த வழியாகவும் காற்று கசியும், பிறகு எத்தனை டயாப்ரம் மாற்றினாலும் ஐடில் நிற்காது.

இனி பெட்ரோல். 2023 முதல் படிப்படியாக வந்து, 2025-ல் நாடு முழுவதும் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் என்று ஆகிவிட்டது. கையால் ஸ்க்ரூ திருப்பும் கார்பரேட்டர் உள்ள மெஷினுக்கு 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்று செயின்சா கம்பெனியான ஸ்டில் தன் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. தானாகக் கலவையைச் சரிசெய்யும் எம்-ட்ரானிக் மாடல்களுக்கு 27 சதவீதம் வரை அனுமதி. காரணம் இரண்டு. எத்தனாலுக்குள் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருக்கிறது. அதனால் ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு 13.5 அளவுக்கு இறங்கும், பழைய செட்டிங்கில் ஓடினால் கலவை மெலியும். இரண்டாவது, மட்டமான ரப்பரை அது ஊறவைத்துப் பிறகு காயும்போது விறைக்க வைக்கும். உங்கள் டியூபும் ரப்பர் குழாயும் ஒரு வருடத்தில் வெடிக்க இதுவும் ஒரு காரணம்.

எத்தனால் எவ்வளவு என்று பார்க்க, ஆயில் கலப்பதற்கு முன்பே, அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். அடி அடுக்கு 28 மில்லி அருகே நின்றால் 20 சதவீதம். இதே வழியில் எத்தனாலை எடுத்துவிட்டு மேலே நிற்பதை ஊற்றலாமே என்று சிலர் யோசிப்பார்கள். வேண்டாம், ஆக்டேன் இறங்கும், ஈரமும் தங்கும்.

செய்ய முடிந்தது இது: கலவையைத் தேவைக்கு மட்டும் கலக்குங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். வெயிலில் தண்ணீர் பாட்டிலில் கலவையை வைக்காதீர்கள். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, உங்கள் அளவு சரி. ஆயில் காற்றால் குளிரும் எஞ்சினுக்கானதா என்று டப்பாவில் பாருங்கள், ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று இருக்க வேண்டும். டிசி-டபிள்யூ3 என்று போட்டிருந்தால் அது படகு எஞ்சின் ஆயில், தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கானது, இதற்கு ஆகாது.

மேலூர் தோப்பு

கார்பரேட்டர் பத்தி அண்ணன்மார் பூராம் சொல்லிட்டாய்ங்க. ரெண்டாவது கேள்விக்கு வர்றேன்.

தகர டப்பாங்கிறதுல பாதிதான் உண்மை. இந்த 52, 58 சிசி மெஷினோட அச்சு மோசமானது இல்ல. ஜப்பான் செனோவா கம்பெனி டிசைனைப் பார்த்து சீனாவுல ஊருக்கு ஊர் அடிக்கிறது. அதனாலதான் பேர் வேற வேற இருந்தாலும் பிஸ்டன், கிளட்ச், கார்பரேட்டர் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு மாறும். டிசைனைக் குறைக்க முடியாது, அதனால விலையை எங்க குறைக்கிறாய்ங்கன்னா கண்ணுக்குத் தெரியாத இடத்துல: ரப்பர், சீல், பேரிங், சிலிண்டர் உள்பூச்சு, போல்ட். உங்க கோளாறே அதுக்கு உதாரணம்.

வாங்குறதுக்கு முன்னாடி கடையிலயே பார்க்க முடிஞ்சது நிறைய இருக்கு. மெஷினைக் கயிற்றுப் பிடியில தொங்க விடுங்க. நின்னு நின்னு இறங்கினா கம்ப்ரஷன் இருக்கு, சர்ருன்னு இறங்கினா வைச்சுட்டு வந்திடுங்க. கேஜ் இருந்தா 120 பிஎஸ்ஐக்குக் கீழே புது மெஷின் காட்டக் கூடாது. செயின் கவரைக் கழட்டி கிளட்ச் டிரம்மைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டுங்க, சுத்தலாம், ஆடக் கூடாது. ஏர் ஃபில்டரைக் கழட்டி அதோட விளிம்பு உட்காருற இடத்தை விரலால தடவுங்க. பிளாஸ்டிக் பிசிறு இருந்தா அங்க தூசி போகும். சீமைக்கருவேலத் தூள் மாவு மாதிரி, அதோட வேர்ப்பக்கம் வெட்டும்போது செம்மண்ணும் சேர்ந்து பறக்கும். ஃபில்டர் விளிம்புல கிரீஸ் லேசாப் பூசி மாட்டுங்க. அப்புறம் கழட்டிப் பார்த்தா கிரீஸ்ல தூசிக் கோடு எந்தப் பக்கம் உடைஞ்சிருக்கோ அந்தப் பக்கம் கசிவு.

58 சிசிங்கிற ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம். போரும் ஸ்ட்ரோக்கும் டப்பாவுல போட்டிருந்தா கணக்குப் பண்ணுங்க. 45.2 மி.மீ. போர், 34 மி.மீ. ஸ்ட்ரோக்னா 54.6 தான் வரும்.

போல்ட் எல்லாம் கார்பரேட்டர், சைலன்சர், பிடி உட்பட முதல் டேங்க் ஓடினதும் ஒரு தடவை இறுக்கணும். அலுமினியத்துல போற மறை, ஓங்கி இறுக்கினா உருவிக்கும். போல்ட் கழலாம பிடிக்கிற நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு போதும், ஆனா சைலன்சர் போல்ட்ல போட்டுப் பிரயோசனமில்ல, அந்தச் சூட்டுக்கு அது இளகிடும். மறை போயிட்டா லேத்துல ஹெலிகாயில் (புது மறையா உள்ளே உட்காருற கம்பிச் சுருள்) போட்டுக்கலாம்.

இப்ப உங்க மெஷினைப் பொறுத்தவரை: பிஸ்டன்ல கோடு இல்ல, பேரிங் ஆடலைன்னா தூக்கிப் போடாதீங்க. ரப்பர் குழாய், பெட்ரோல் டியூப், ஃபில்டர், ரெண்டு சீல், இவ்வளவும் சேர்த்தாலும் புது மெஷின் விலைக்குப் பக்கத்துலகூட வராது. பேரிங்கும் சிலிண்டரும் சேர்ந்து போயிருந்தா, அதுல காசைக் கொட்டாதீங்க.

கம்பெனி மெஷின் வாங்கலாம்னா, பேரைப் பார்த்துச் சின்னதை வாங்கி ஏமாறாதீங்க. ஸ்டில் எம்எஸ் 180 நல்ல சாமான்தான், ஆனா 31.8 சிசி, தோப்புல மட்டை, கிளை, ஒரு சாண் கனமுள்ள கருவேலத்துக்குச் சரி. நாள் பூரா கரி மூட்டத்துக்கு அடிமரம் அறுக்க அது இல்ல. எம்எஸ் 250 மாதிரி 45 சிசிக்குக் குறையாம பாருங்க. டீலர்கிட்ட சீரியல் நம்பரைக் காட்டி உறுதி பண்ணாம, பெயிண்ட் நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீங்க. போலி மெஷினும் உண்டு, வால்ப்ரோன்னு எழுத்து மட்டும் போட்ட போலிக் கார்பரேட்டரும் உண்டு. அசல்ல உடம்பு மேல மாடல் நம்பர் தெளிவாப் பொறிச்சிருக்கும்.

இன்னும் ஒண்ணு, யாரும் சொல்லலை. செயின் மழுங்கினா ஆளு மேல ஏறி அமுக்குறான், மெஷின் கொதிக்குது, அப்புறம் கார்பரேட்டரைத் திட்டுறான். கருவேலம் ஈட்டி மரம் மாதிரி கெட்டி, மண்ணு வேற. மரத்துகள் சேமியா மாதிரி விழாம மாவா விழுந்தா உடனே அரம் போடுங்க. .325 செயினுக்கு 4.8 மி.மீ. அரம், 30 டிகிரி சாய்வு, வெட்டுற பல்லுக்கு முன்னாடி நிக்கிற முன்பல் அதைவிட 0.65 மி.மீ. தாழ்வு.

கள்ளிக்குடி விறகு

அண்ணே எல்லாருக்கும் நன்றி. பி.பி. பல்பு வச்சுப் பார்த்தாச்சு. பிஸ்டன் சுத்தமா இருக்கு. ரப்பர் குழாய்ல சிலிண்டர் பக்க மடிப்புக்கு அடியில வரிசையா குமிழி. வெளியே ஒண்ணும் தெரியலை, வளைச்சப்பதான் தெரிஞ்சது. சீல் ரெண்டும் நிக்குது, வேக்குவம்லயும் இறங்கலை. குழாய், டியூப், ஃபில்டர் மூணும் மாத்தியாச்சு. இப்ப ரேஸ் இறங்குது, சாய்ச்சாலும் மாறலை. ஆனா ஆக்ஸிலேட்டரை டக்குன்னு அமுக்கினா ஒரு நிமிஷம் மாதிரி யோசிச்சுட்டு அப்புறம்தான் ஏறுது. செட்டிங் எப்படி வைக்கிறது? அடுத்த வாரம் சிறுமலை மேல கொஞ்சம் வேலை இருக்கு, அதுக்கு மாத்தணுமா?

பட்டறை திருமங்கலம்

இப்பதான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கணும். கசிவோட வச்ச செட்டிங் இப்ப ஒத்து வராது, எல்லாத்தையும் முதல்ல இருந்து வைங்க. ஃபில்டர் சுத்தமா, செயின் கூரா இருக்கட்டும். எல், எச் ரெண்டையும் வலம் சுத்தி மெதுவா முட்ட விடுங்க. இறுக்கினா ஊசி முனை வளைஞ்சிடும். அங்கிருந்து ரெண்டையும் ஒரு சுத்து திறங்க. ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு மூணு கட்டை அறுத்து நல்லா சூடு ஏத்துங்க. ஆறின மெஷின்ல செட்டிங் வைக்கிறது வீண் வேலை.

முதல்ல எல். அங்கிட்டு இங்கிட்டுத் திருப்பி, ஐடில் சத்தம் எங்க உச்சமா இருக்கோ அந்த இடத்தைப் பிடிங்க. அங்கிருந்து இடப்பக்கம் அரைக்கால் சுத்து திறங்க. அமுக்கினதும் யோசிக்கிறது பெரும்பாலும் எல் மெலிஞ்சு இருக்கிறதால. திறந்தும் போகாம கொழகொழன்னு புகையோட ஏறினா அதிகமாத் திறந்துட்டீங்க. அப்புறம் ஐடில் ஸ்க்ரூவைச் செயின் நிக்கிற அளவுக்கு இறக்குங்க, டாகோ மீட்டர் இருந்தா நிமிஷத்துக்கு 2,800 - 3,000 சுத்து. ஐடில் இவ்வளவு இறங்கியும் செயின் சுத்தினா கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கு, கார்பரேட்டர்ல தேடாதீங்க.

கடைசியா எச். பாரம் இல்லாம முழு ரேஸ் ரெண்டு மூணு வினாடிக்கு மேல வைக்காதீங்க. செயின் பிரேக் போட்டுக்கிட்டும் ரேஸ் கொடுக்காதீங்க, கிளட்ச் கருகிடும். முழு ரேஸ்ல சத்தம் வீல்னு ஒரே நூலா இருந்தா மெலிஞ்சிருக்கு, திறங்க. லேசாக் கரகரன்னு உடைஞ்ச மாதிரி இருக்கணும், கட்டையில வச்சு அழுத்தினதும் அந்தக் கரகரப்பு போய் சத்தம் தெளியணும். அறுக்கும்போதும் தெளியலைன்னா கொஞ்சம் மூடுங்க. சந்தேகம் வந்தா திறந்த பக்கமே விடுங்க, பிளக் கரி பிடிச்சா துடைச்சுக்கலாம். சில நாள் ஓட்டிட்டுப் பிளக் பாருங்க, செங்கல் மாதிரி பழுப்பு நிறம் வரணும். இடைவெளி 0.5 மி.மீ.

ரெண்டு ஸ்ட்ரோக்

சிறுமலைக்கு: மேலே ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். மதுரையில் வைத்த செட்டிங் அங்கே கலவை கூடிப் புகையும், இழுவை மந்தமாகும். எச் மட்டும் சுற்றில் பதினாறில் ஒரு பங்கு போல இறுக்கி, அண்ணன் சொன்ன அதே கரகர சத்தத்தைக் காதால் பிடித்தால் போதும். இறங்கி வந்ததும் மறக்காமல் பழைய இடத்துக்குத் திறங்கள். மேலே இறுக்கிய மெஷினை அப்படியே கீழே வெயிலில் ஓட்டினால் பிஸ்டனில் கோடு விழும். ஸ்க்ரூ தலையில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் எங்கே இருந்தது என்று தேட வேண்டியதில்லை.